கையும் களவுமாக

ஃபார்மலின் ஒரு சதவீதம், பத்து நிமிடம்.
கூட விட்டால் எல்லோரும் எல்லோரோடும் ஒட்டிக்கொள்வார்கள்.
குறைத்தால், தொட்டவர்களே
தொடவில்லை என்று சாதிப்பார்கள்.
பத்தாவது நிமிடம் கிளைசீன் ஊற்றி நிறுத்துகிறேன்.
ஜன்னலுக்குக் கீழே எமயோகி ஆறு
டிசம்பரிலிருந்து இதே வேலையாக இருக்கிறது,
நிறுத்தச் சொல்ல அதற்கு ஆளில்லை.

சட்டியில் இருப்பவர் ஒரு பேருந்து ஓட்டுநர்.
வால்காவுக்கும் தார்த்துவுக்கும் இடையே ஓட்டியவர்.
இறந்து இருபத்தெட்டு ஆண்டு.
நுரையீரலிலிருந்து எடுத்த கடுகளவு
இன்னும் இரண்டு நாளைக்கொருமுறை இரட்டிக்கிறது,
தீனி குறைந்தால்
ஊட்டநீரை மஞ்சளாக்கிக் கோபம் காட்டுகிறது.
கோப்பில் பெயர் இல்லை. குப்பியில் வா-9.
ஓட்டுநர் என்பது நான் மட்டும் கூப்பிடுவது.

ஒவ்வொரு உட்கருவிலும் இரண்டு மீட்டருக்குக் குறையாத நூல்,
ஹிஸ்டோன் உருளைகளில் சுற்றிச் சுற்றி.
நூலில் எழுத்துப்பிழை எல்லோருக்கும் உண்டு என்பார் ஹெல்துர்.
கேடு, நூலின்மேல் வந்து உட்காரும் ஒரு புரதம்.
மூடியிருக்க வேண்டிய பக்கத்தை
விரித்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது,
செல்லும் அதையே வாசிக்கிறது:
வளர், வளர், வளர்.
தனியே எடுத்துப் பார்த்தால் சாது.
எல்லாப் பெற்றோரும் சொல்வதைத்தான்
நானும் சொல்லவேண்டியிருக்கிறது:
பிள்ளை நல்லவன், சேர்க்கை சரியில்லை.

ஆகவே சேர்க்கையைத் தேடுகிறேன்.
கையும் களவுமாக உறைந்தவர்களை
ஒலியால் நொறுக்கி,
காந்த மணியில் ஆன்டிபாடி கோத்துத் தூண்டில் போடுகிறேன்.
தூண்டில் கவ்வுவது ஒருவனைத்தான்.
அவன் சட்டையைப் பிடித்தபடி வருகிறவர்கள் என் மீன்.
பத்து முறை கழுவல்.
விடாமல் நின்றவர்கள் எல்லோரும் நண்பர்களா?
சிலர் மணியோடு ஒட்டியவர்கள், சிலர் குழாயோடு.
அதற்காகவே ஒரு வெறுந்தூண்டிலும் போட்டுவைப்பேன்.
அதிலும் ஏறியவன்
யார் வண்டியிலும் ஏறுகிறவன்.

வெள்ளி மாலை,
எடை பார்த்தே பெயர் சொல்லும் எந்திரம் பட்டியலைத் துப்பியது.
முந்நூற்றுப் பதினோரு பெயர்.
முதல் பெயர் கெரட்டின்.
அது என் தோல்.
கையுறையும் முகமூடியும் தாண்டி
அவருடைய புற்றுக்குள் நான் உதிர்ந்திருக்கிறேன்.
இரண்டாவதும் கெரட்டின். மனிதனுடையது அல்ல,
ஆட்டினுடையது.
மெர்லே அன்று சிரித்ததுபோல் ஒருநாளும் சிரித்ததில்லை.
"லீவிகா, ஓட்டுநருக்கும் ஆட்டுக்கும் என்ன தொடர்பு?"
முஹு தீவுச் சந்தையில் வாங்கிய ஆரஞ்சுக் கம்பளிச் சட்டை,
வெள்ளைக் கோட்டின் கைவழியே
அரை அங்குலம் எட்டிப் பார்க்கும்.

என்னையும் ஆட்டையும் அடித்துவிட்டுக் கீழே போனோம்.

மருந்து போட்ட சட்டியில்
நம் ஆள் நூலிலிருந்து பெயர்ந்துவிட்டான்.
மருந்துக்கு அதுதான் வேலை.
ஹிஸ்டோன்கள் பட்டியலின் அடிக்குச் சரிந்தன.
ஹெல்துர் கைதட்டப் போனவர் பாதியில் நிறுத்தினார்.
நூற்று நாற்பதாவது வரியில் ஒருவன்.
மருந்தில்லாதபோது காணாதவன்,
விழுந்தவனைத் தாங்கிப் பிடித்திருக்கிறான்.
மூன்று சட்டியிலும். வெறுந்தூண்டிலில் இல்லை.
பெயர்கூடக் கிடையாது, ஓர் எண்தான்.
காப்பாற்றுகிறானா,
பிடித்துக் கொடுக்கிறானா?
பட்டியலுக்குத் தொட்டது தெரியும்,
ஏன் தொட்டான் என்பது தெரியாது.

எட்டரை மணிப் பேருந்தில்
சில்லறை தரும்போது ஓட்டுநரின் விரல் பட்டது.
அரை நொடி. இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

திங்கட்கிழமை வா-9-இல் இன்னொரு குப்பி உருக்கவேண்டும்.
கம்பளியை வீட்டில் விட்டுவிட்டு வரவேண்டும்.
குளிரும்.